வடியாத வீக்கம்

அமாவாசைதோறும் கடம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலேறித் திருவள்ளூர் செல்லும் முதியோர் பலர். வைத்திய வீரராகவப் பெருமாளைச் சேவித்து, ஹிருத்தாபநாசினித் திருக்குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். வெல்லம் கரைவதுபோல் நோயும் கரையும் என்பது தலைமுறைகளின் நம்பிக்கை. தம் முழங்கால் வலியை மறந்து பேரக்குழந்தைக்காகக் கரைப்போரும் அவர்களில் உண்டு.

குழந்தையின் தாடை வீங்கினால் வீட்டுப் பெரியவர்கள் முதலில் சொல்வது பொன்னுக்கு வீங்கி என்பதே. உடனே பிள்ளையின் கழுத்தில் தங்கச் சங்கிலி ஏறும். கன்னத்தில் பற்றுப் போடப்படும். அது பொன்னுக்கு வீங்கியேயானால் இரண்டு வாரத்துக்குள் தானாக வடிந்துவிடும். பெருமை என்னவோ சங்கிலிக்குப் போய்ச் சேரும்! வாரங்கள் கடந்தும் வடியாமல், வலியுமின்றிக் கெட்டியாக நிற்கும் வீக்கம் வேறு வகையைச் சேர்ந்தது.

2019-ஆம் ஆண்டில் சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரிக்கு ஏழு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து வந்தனர். கீழ்த்தாடையின் வலப்புறம் வீங்கியிருந்தது. மூன்று வயதிலேயே பெற்றோர் அதைக் கண்டிருந்தனர்; வீக்கம் சிறிதாயிருந்ததாலும், பிள்ளை பரிசோதனைக்கு இணங்காததாலும் நாள் கடந்தது. எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் எடுத்தபோது, தாடைக்குள் எண்ணற்ற குட்டிப் பற்கள் தெரிந்தன. மருத்துவர்கள் தாடை எலும்பை மேற்புறமாகத் திறந்து, ஏறத்தாழ 200 கிராம் எடையுள்ள பையொன்றை எடுத்தனர். நோய்க்குறியியல் பிரிவினர் மணிக்கணக்கில் அமர்ந்து அதைப் பிரித்து எண்ணினர்: 526 பற்கள்! மிகச் சிறிய துண்டிலும் பல்லுக்குரிய முடியும் வேரும் எனாமலும் இருந்தனவாம். மூன்றாம் நாள் சிறுவன் வீடு திரும்பினான். 21 நல்ல பற்கள் அவனுக்கு எஞ்சின.

ஓடோன்டோமா என்று இதற்குப் பெயர். புற்றுநோயன்று, பல்லை உருவாக்க வேண்டிய திசு, முறை தவறி வளர்ந்ததன் விளைவு. பெரும்பாலும் பதின்வயதிலேயே வெளிப்படுகிறது. 526 என்பது அபூர்வத்திலும் அபூர்வம். வழக்கமாகச் சில துண்டுகளே இருக்கும். பல்லைப்போலவே கெட்டியானதாகையால் எந்தப் பற்றுக்கும் அது கரையாது. முழுமையாக எடுத்துவிட்டால் மீண்டும் வருவது அரிது.

வீக்கமே இல்லாமலும் இது ஒளிந்திருக்கலாம் என்பதுதான் சங்கடம். பால்பல் விழ வேண்டிய வயதில் விழாமல் நிற்கும். அல்லது விழுந்த இடத்தில் மாதக்கணக்காகப் புதுப்பல் முளைக்காது. வேலைக்கு ஓடும் பெற்றோரைவிட, மடியில் அமர்த்திச் சோறூட்டும் பாட்டியின் கண்ணுக்கே அது முதலில் படும். பல் மருத்துவரிடம் ஒரே ஓர் எக்ஸ்ரே எடுத்தால், உள்ளே இருப்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.