52 சதவீதமும் ஒரு கைடும்

"அக்கா, 55 இருக்கணுமாம்க்கா. எனக்கு 52 தான். விட்ருவோம்."

சிலமலையிலிருந்து அந்தத் தங்கை பேசியபோது மணி ஐந்துகூட ஆகவில்லை. ஏலக்காய் எடுக்கப் போகும் அம்மாவை ஜீப்பில் ஏற்றிவிட்டுக் கூப்பிட்டிருக்கிறாள். போடிமெட்டு ஏறி இடுக்கித் தோட்டங்களுக்குப் போகும் அந்த ஜீப்புகளில் நம் பெண்கள் எப்படி அடைபட்டுப் போகிறார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அவள் எம்.பி.ஏ. முடித்துவிட்டு, போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரியிடம் கணக்கு பார்க்கிறாள். மேலாண்மையில் பிஎச்.டி. செய்ய ஆசை. கேள்வியும் கையில் இருக்கிறது. 2019-ல் ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாயைத் தொட்டதே, அதில் காய் பறித்தவரின் கூலிக்கு வந்த பங்கு எவ்வளவு?

முந்தைய நாள் ஒரு கல்லூரி அலுவலகத்தில், 55 இல்லையென்றால் விண்ணப்பமே கிடையாது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். யுஜிசி 2022 நவம்பரில் வெளியிட்ட பிஎச்.டி. விதிமுறையை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், உண்மைதான். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு அதில் 5 சதவீதத் தளர்வு உண்டு. ஆக அவளுக்கு 50 போதும். இந்த வரி அந்த அலுவலகத்துக்குத் தெரியாதா, தெரிந்தும் சொல்லவில்லையா?

மற்ற நிபந்தனைகளும் எட்டாதவை அல்ல. நெட் தேர்வில் மேலாண்மைக்குத் தனித் தாள் இருக்கிறது. ஜே.ஆர்.எஃப். கிடைக்காவிட்டாலும், பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெற்றால் நெட் மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று கணக்கிடுகிறார்கள். அந்த மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும், கவனம். சேர்ந்தபின் 12 கிரெடிட்டுக்குக் குறையாத பாடங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வுக்குழு முன் விளக்கம், பிறகு ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு. குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு, பெண்களுக்கு அதற்குமேல் இன்னும் இரண்டு. ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற பழைய யுஜிசி கட்டாயம் 2022-ல் நீங்கிவிட்டது. சேரும் பல்கலைக்கழகத்தின் சொந்த விதியைப் பாருங்கள். காசு வாங்கிப் போடும் போலி இதழ்களிடம் மட்டும் போகாதீர்கள்.

விதிமுறையில் எழுதாத ஒரு தகுதி இருக்கிறது. கைடு கிடைக்க வேண்டும்.

விதிப்படி பேராசிரியர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும் மட்டுமே எடுக்கலாம். ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்குள் இருப்பவர் புதிதாக எடுக்க முடியாது. "இடமில்லை" என்று சொல்வது அதனால் மிகச் சுலபம். யாரிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற பட்டியலை நிறுவனம் தன் இணையதளத்தில் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதிதான். அதை எடுத்துக்கொண்டு போனோம். இடமிருந்த ஒருவர் அவளுடைய தலைப்பைப் படித்துவிட்டு, "இது கூலிப் பிரச்சினை. சோசியாலஜியில் பண்ணுங்களேன், மேனேஜ்மென்ட் எதுக்கு?" என்றார். நான் சமூகவியல் படித்தவள். என் துறையைப் பற்றி எனக்குப் பெருமைதான். ஆனால் அன்று அந்தச் சொல் சுட்டது. விலையை ஆராய்வது ஒருவருக்கு, கூலியை ஆராய்வது இன்னொருவருக்கு என்று யார் பிரித்தது?

அண்ணல் கொலம்பியாவில் படித்துவிட்டு வந்து முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கினார். தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகிப் போனார்கள். 1918-ல் பம்பாய் சிடன்ஹாம் வணிகக் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியராகச் சேர்ந்தபோது, உடன் வேலை பார்த்தவர்கள் தண்ணீர்ப் பானைக்கே தகராறு செய்தார்கள். நூறாண்டு தள்ளி வாருங்கள். ஐ.ஐ.எம். அகமதாபாத் தன் பிஎச்.டி. படிப்பில் இட ஒதுக்கீடு கொண்டுவரவில்லை என்று முன்னாள் மாணவர்கள் குஜராத் உயர் நீதிமன்றம் போனார்கள். 2025 முதல் தருகிறோம் என்று 2023-ல்தான் பதில் வந்தது. நாட்டின் வணிகக் கல்லூரிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்கும் இடம் அது. அங்கே நம் ஆட்கள் ஏன் குறைவு என்று கேட்பவர்களிடம் இந்தத் தேதிகளைச் சொல்லுங்கள்.

பணம் தனிக்கதை. ஜே.ஆர்.எஃப். என்றால் மாதம் 37,000 ரூபாய். இல்லையென்றால் பட்டியல் சாதியினருக்கான தேசிய ஆய்வு உதவித்தொகைக்கு முயலலாம். கிறித்தவம் தழுவிய நம் பிள்ளைகளுக்கு அது கிடையாது. தமிழக அரசு முழுநேர ஆய்வாளர்களுக்குத் தரும் ஊக்கத்தொகையில் அவர்களும் உண்டு. பகுதிநேரமாகச் செய்தால் வேலை மிஞ்சும், உதவித்தொகை போய்விடும். தங்கை இன்னும் முடிவு செய்யவில்லை.

போன வாரம் நெட் விண்ணப்பத்தை நிரப்பினோம். கைடு பட்டியலில் இடமிருந்த எல்லோருக்கும் ஒரு பக்கத்தில் தலைப்பை எழுதி மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறாள். இருவர் பதில் போட்டிருக்கிறார்கள். ஒருவர் மட்டும் கேட்டிருக்கிறார்: "ஏல மையத்தின் விலைப்பதிவுகள் எந்த ஆண்டிலிருந்து கிடைக்கும்?"

அதைத் தேடிக்கொண்டு நாளை போடிக்குப் போகிறோம்.