தாயின் கணக்கேடு

படப்பையில் சிறுவர்களைப் புதுநன்மைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த நாள்களில் ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். கணவருக்கு ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் இரவுப் பணி. மகனுக்கு ஒன்பது வயது, வலிப்பு நோயுள்ளவன். "சாமி, நன்மை அப்பத்துல எவ்வளவு மாவு இருக்கும்?" என்று கேட்டார்.

ஓராண்டுக்கு முன் திருப்பலியின்போது அச்சிறுவன் துடித்து விழுந்தான். யாரோ சாவிக்கொத்தை அவன் கையில் திணித்தார்கள். இரும்பு வலிப்பை நிறுத்தாது. ஒருக்களித்துப் படுக்க வைப்பதே உதவி. அதை அறியாமல் நானும் வாளாவிருந்தேன். பின்பு, மாற்கு நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில் வரும் சிறுவனை நினைவூட்டி, நோன்பிருந்து செபிக்குமாறு அத்தாயிடம் கூறினேன். செபத்தோடு நோன்பையும் சேர்க்கும் சொல் அப்பகுதியின் மிகப் பழைய கையெழுத்துப் படிகள் சிலவற்றில் இல்லை என்பதைக் குருமடத்தில் கற்றிருந்தும் சொல்லவில்லை.

மருந்துகள் பயன் தராததால் மருத்துவர் சிறுவனின் உணவையே மாற்றியிருந்தார். சோறு, இட்லி, சர்க்கரை இல்லை. முட்டை, வெண்ணெய், தேங்காய் எண்ணெய். மாவுச்சத்து நாளொன்றுக்கு 10 கிராம் மட்டும். மாவுச்சத்து குறையும்போது ஈரல் கொழுப்பிலிருந்து கீட்டோன்களை உண்டாக்குகிறது. மூளை அவற்றை எரிபொருளாகக் கொள்கிறது. அதனால் வலிப்பு தணியும் வழியை அறிவியல் இன்னும் முழுதாக விளக்கவில்லை.

நோன்பு வலிப்பைத் தணிப்பதைப் பண்டைய மருத்துவர்களே கண்டிருந்தனர். பட்டினியின்றி அதே நிலையை உடலில் உண்டாக்கலாமென 1921இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ரசல் வைல்டர் இம்முறையை முன்மொழிந்தார். இதன் எளிய வடிவத்தைத் தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் மருந்துக்கு அடங்காத வலிப்புடைய 102 குழந்தைகளிடம் ஆராய்ந்து 2013இல் வெளியிட்டனர். மூன்று மாதங்களில், இவ்வுணவை உண்டவர்களில் 52 விழுக்காட்டினருக்கு வலிப்பு பாதிக்கும் மேல் குறைந்தது. வழக்கமான உணவு உண்டவர்களில் 11.5 விழுக்காட்டினருக்கே. மருத்துவர் கண்காணிப்பின்றி இதைத் தொடங்குவதும் மாத்திரைகளைத் தாமே நிறுத்துவதும் ஆபத்து.

அர்ச்சிக்கப்படாத அப்பம் ஒன்றை நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். அரை கிராம்கூட இல்லை. சொன்னதும் அவர் பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். மகன் உண்ட ஒவ்வொரு கவளமும், வந்த ஒவ்வொரு வலிப்பும் தேதியுடன் அதில் இருந்தன. வாரந்தோறும் வந்தது மாதம் ஒன்றிரண்டாகக் குறைந்திருந்தது.

"நீங்களும் சோறு சாப்பிடுவதில்லையா, அம்மா?"

"புள்ள பாத்துக்கிட்டிருக்கும்போது எப்படி சாமி சாப்பிடுறது?"

நான் வாயால் சொன்ன நோன்பை அவர் அடுப்படியில் கடைப்பிடித்துக்கொண்டிருந்தார். புதுநன்மை நாளன்று சிறுவன் நாக்கை நீட்டினான். அன்றைய பக்கத்தில் அந்த அப்பத்தையும் அவர் கணக்கில் எழுதியிருப்பார்.