பூச்சா, மாத்திரையா?

ஆடவர் தலைமயிருக்குக் 'குஞ்சி' என்று தனிச்சொல் வைத்திருந்த மொழியைக் கற்பிக்கிறோம். கரும்பலகைப் பக்கம் திரும்பத்தான் கூச்சமாக இருக்கிறது. உச்சந்தலை வழுக்கை மாணவர் கண்ணில் பட்டுவிடும். மினாக்சிடிலைப் பரிந்துரைத்த தோல் மருத்துவர், பூச்சா மாத்திரையா என்று கேட்டார்.

இம்மருந்தின் வரலாறு சுவையானது. 1979இல் அமெரிக்காவில் கடும் இரத்தக் கொதிப்புக்கான மாத்திரையாகவே இது அனுமதி பெற்றது. உண்டவர் சிலருக்கு முகத்திலும் கைகளிலும் மயிர் அடர்ந்தது. அப்பக்கவிளைவையே பயனாக்கி, 1988இல் தலையில் பூசும் நீர்மமாகக் கொணர்ந்தனர். இப்போது குறைந்த அளவில் மாத்திரைக்கே திரும்புகின்றனர்.

பூச்சு பிசுபிசுக்கும், அரிக்கும், இருவேளை பூசவேண்டும். மாத்திரை எளிது. ஆயினும் அது குருதியோடு உடலெங்கும் செல்வது. கால் வீங்கலாம், நெஞ்சு படபடக்கலாம். 2024இல் வெளியான பிரேசில் ஆய்வில் 90 ஆடவரை 24 வாரம் கவனித்தனர். மயிர் எண்ணிக்கையில் மாத்திரை பூச்சை விஞ்சவில்லை. உச்சந்தலைப் படங்களில் மட்டும் மாத்திரைக்குச் சற்று ஏற்றம். நமக்கு வழுக்கை விழுந்திருப்பதோ அங்கேதான்!

இரத்தக் கொதிப்புக்கு ஏற்கெனவே மாத்திரை உண்கிறோம். இதயத்தோடு விளையாட மனமின்றிப் பூச்சையே தேர்ந்தோம். எதுவாயினும் நிறுத்தினால் சில மாதங்களில் முளைத்தவை உதிர்ந்துவிடுமாம். தலையணை உறைக் கறை பற்றிய முணுமுணுப்பு வீட்டில் இன்னும் ஓயவில்லை.