காங்கேசன்துறைக்கு ஒரு ரயில் பயணம்



விடுமுறை தொடங்கிய முதல் சனிக்கிழமை நாங்கள் இரண்டு ஆசிரியர்கள் யாழ்ப்பாணம் புகையிரத நிலையத்தில் காங்கேசன்துறைக்கு டிக்கெட் எடுத்தோம். மோட்டார் சைக்கிளில் ஓடிப்போய் வரக்கூடிய தூரம்தான். ஆனாலும் ஒருநாள் ரயிலில் போகவேணும் என்று நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். நண்பரின் ஊர் காங்கேசன்துறை. எங்களுடையது சோனகதெரு. பத்து வருடத்துக்கு மேலாக ஒரே ஆசிரியர் அறையில் ஒன்றாகத் தேநீர் குடிக்கிறோம். 1990ஐப் பற்றி மட்டும் நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை.

கொக்குவில், கோண்டாவில் தாண்டியது ரயில். யன்னலுக்கு வெளியே செம்மண்ணும் வாழைத் தோட்டங்களும். யாழ்தேவி 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. 1990 யூனில் சண்டையோடு நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்குப் போயின. 2014 ஒக்டோபர் 13இல் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் ரயில் திரும்ப வந்தது.

நண்பர் புவியியல் படிப்பிக்கிறவர். "மச்சான், ஜப்பானில 2011 சுனாமி கொண்டுபோன சன்ரிக்கு ரயில் பாதையும் 2014 ஏப்ரலிலதான் முழுசா ஓடத் தொடங்கினது. அவங்களுக்கு மூண்டு வருசம். எங்களுக்கு இருபத்திநாலு" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

மல்லாகத்தில் ரயில் நின்றபோது நண்பரின் சிரிப்பும் நின்றது. யூன் மாதம் உடுத்த உடுப்போடு ஊரைவிட்டு வந்தவர்கள் அவர்கள். முதலில் நகரத்தில் ஒரு சொந்தக்காரர் வீடு, பிறகு மல்லாகத்தில் முகாம். "பத்து நாளில திரும்பலாம் எண்டுதான் அம்மா கோழிக்குத் தண்ணி வச்சிட்டு வந்தவ" என்றார்.

அதன்பிறகு எங்கள் வாயும் திறந்தது. ஒக்டோபர் 30. ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். இரண்டு மணி நேரத்தில் போகச் சொன்னார்கள். எங்கட வாப்பா தையல்காரர். நகை போனதுக்கு உம்மா அழுதா. வாப்பா அழுதது, ஊராக்களின் உடுப்பெல்லாம் கடைக்குள் கிடக்குதே, ஒருத்தருக்கும் பதில் சொல்லாமல் போகிறோமே என்றுதான். புத்தளம் தில்லையடியில் கிடுகுக் கொட்டிலில் இருந்தும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கேயே மௌத்தானார்.

நண்பர் வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பள்ளிக்கூடக் காற்சட்டை ஒண்டு தைக்கக் குடுத்திருந்தது, மச்சான். உங்கட பக்கம்தான், ஒரு நானாட்ட. எடுக்கப் போனம், கடை பூட்டு. அப்பா ஒண்டும் பேசாமல் என்னைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்திட்டார். ஏன் எண்டு நான் கேக்கேல்லை. ஒருத்தரும் கேக்கேல்லை. அந்த வெக்கத்திலதான் உன்னோட இவ்வளவு காலமும் இதைக் கதைக்கேல்லை."

அது வாப்பாவின் கடைதானா? தெரியாது. அந்தப் பக்கம் அப்போது எத்தனையோ தையற்கடைகள். நாங்கள் கேட்கவுமில்லை.

காங்கேசன்துறையில் இறங்கி, பழைய சீமெந்துத் தொழிற்சாலையைப் பார்த்துக்கொண்டு நண்பரின் காணிக்கு நடந்தோம். வீடு இல்லை. அத்திவாரமும் கிணறும் இருக்கின்றன. நண்பர் பக்கத்து வீட்டில் வாளியும் கயிறும் வாங்கிவந்து தண்ணீர் அள்ளி ஊற்ற, வுழு செய்து வேம்பின் நிழலில் லுஹர் தொழுதோம். பிறகு அவர் கொண்டுவந்த புட்டுப் பார்சலைப் பிரித்தோம். "உனக்காக மரக்கறி மட்டும்தான்" என்றார். பின்னேர ரயிலில் திரும்பினோம். வழியெல்லாம் பாடசாலைக் கதைதான்.

உறவுகளே, ரயில் பாதையைக் காசு இருந்தால் போட்டுவிடலாம். எங்கள் தெருவில் இன்னும் சுவரோடு நிற்கிற வீடுகளைப் பார்த்தால், மனிதர் திரும்புவது அவ்வளவு லேசில்லை என்பது விளங்கும். உங்களுக்கும் இப்படி ஒரு நண்பர் இருப்பார். அவர் முதலில் பேசட்டும் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் கதையைச் சொல்லுங்கள். அவருடையதையும் கேளுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

வாப்பாவுக்காகவும், ஊர் திரும்பாமலே கண்மூடிய எல்லோருக்காகவும் துஆச் செய்யுங்கள்.