தரவையும் தெனியவும்

ஏ9 என்று அரசாங்கம் இலக்கம் போட்டிருந்தாலும் யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு அது கண்டி வீதிதான். 321 கிலோமீற்றர். 2002 இல் போர்நிறுத்தத்தோடு பாதை திறந்து, அதற்கு அடுத்த வருடம் நான் முதல்தடவையாக அந்த வீதியின் மறுமுனையைப் பார்த்தேன். முகமாலைச் சோதனைச்சாவடியில் இறங்கி ஏறி, ஓமந்தைச் சாவடியில் இறங்கி ஏறி, பெட்டியை இரண்டு தரம் அவிழ்த்துக் கட்டி, பேராதனைக்கு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. விவசாய பீடத்தில் இடம் கிடைத்திருந்தது. மணற்காட்டுப் பக்கத்துப் பெடியன் விவசாயம் படிக்கப் போகிறான் என்று ஊரில் ஒரே சிரிப்பு. அங்கே விளைவது பனையும் சவுக்கும்தானே.

இந்த மாதம் மறுபடி போனேன். இந்த முறை இரவு பஸ். ஆனையிறவின் உப்புக்காற்றில் கண்ணயர்ந்து, மாத்தளை தாண்டிய வளைவொன்றில் தலை கண்ணாடியில் மோதி விழித்தேன். காலை ஏழு மணிக்குக் கலஹா சந்தியில் நல்ல தூறல். குடை கொண்டுவரவில்லை. கண்டிப் பக்கம் குடையில்லாமல் வருகிறவன் வடக்கத்தையான் என்று சந்திக் கடைக்காரருக்கு உடனே தெரிந்துவிட்டது. தமிழிலேயே “தேத்தண்ணியா தம்பி?” என்றார்.

சின்ன வயதில் பேராதனை என்றால் ‘பேர் ஆதனம்’, பெரிய சொத்து என்று நினைத்திருந்தேன். எங்கள் ஊரில் வளவு, காணி எல்லாம் ஆதனம்தான். இங்கே வந்து சிங்களம் பிடிபட்ட பிறகுதான் விஷயம் விளங்கியது. பேர என்றால் கொய்யா. தெனிய என்றால் இரண்டு மேடுகளுக்கு நடுவில், தண்ணீர் தங்கும் தாழ்ந்த நிலம், அனேகமாக வயல். கொய்யாத் தெனிய. தமிழில் அந்தத் தெனிய கரைந்து ‘தனை’ ஆகி, ஈரமெல்லாம் வடிந்து, வெறும் ஊர்ப் பெயராக நிற்கிறது. கண்டியைச் சுற்றி இப்படி முடியும் பெயர்கள் நிறைய. பெயரைக் கேட்டாலே நிலத்தின் உருவம் தெரிந்துவிடும், சிங்களம் தெரிந்தால்.

கம்பஸ் 1952 இல் கொழும்பிலிருந்து இங்கே வந்தது. அதற்கு முன் இந்தச் சரிவெல்லாம் தேயிலைத் தோட்டம். மேலே ஹந்தானை மலை, கீழே மகாவலி. அங்கிருந்து ஆறு போய்த் தாவரவியல் பூங்காவை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடும். பூங்கா 1821 இல் தொடங்கியது. உல்லாசப் பயணிகள் அங்கேதான் போவார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது மலைக்கும் ஆற்றுக்கும் இடையிலான அந்த இறக்கம். மண் பாடத்தின் முதல் வெளிக்களம் எங்களுக்கு அதுதான்.

சேர் ஒன்றும் சொல்லவில்லை. மேலிருந்து கீழாக நாலு இடத்தில் ஓகரைத் திருகி மண் எடுக்கச் சொன்னார். ஓகர் என்பது ஆளுயரக் கம்பியில் பூட்டிய பெரிய திருகு. இரண்டு பேர் தொங்கித் திருக வேண்டும். மேட்டில் வந்த மண் செங்கபிலம், கையில் உதிர்ந்தது. நடுச்சரிவில் மஞ்சள் ஓடியது. அடிவாரத்தில், வயலோரம், ஓகர் இறங்கும்போதே சத்தம் மாறியது. கறகறப்பு நின்று, ஈரத்துணியைப் பிழிவதுபோல் ஒரு ‘சளக்’. இழுத்தபோது வர மறுத்தது. மூன்று பேர் சேர்ந்து இழுத்தோம். வந்தது சாம்பல் நீலத்தில் ஒரு களிக்கட்டி. அதற்குள் அங்கங்கே துருப்பிடித்த கம்பி செருகினாற்போல் செம்மஞ்சள் கோடுகள். ஒவ்வொரு கோட்டின் நடுவிலும் ஒரு செத்த நெல்வேர். மன்செல் நிறப் புத்தகத்தில் ஒவ்வொரு நிறச்சில்லுக்கும் பக்கத்தில் ஓட்டை இருக்கும். மண்ணைப் பின்னால் பிடித்து, ஓட்டையால் பார்த்து நிறம் சேர்க்க வேண்டும். நாங்கள் பக்கம் பக்கமாகப் புரட்டியும் சேரவில்லை. அப்படிப்பட்ட மண்ணுக்கென்று கடைசியில் தனிப் பக்கமே இருப்பது பிறகுதான் தெரிந்தது.

கூழ்முட்டை மணம். கூட வந்த பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கோ ஊர் வந்துவிட்டது. மார்கழியில் தரவை இப்படித்தான் மணக்கும்.

தரவையைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். வடமராட்சி கிழக்கில் கடற்கரையோடு மணல்மேடுகள். சோளகம் வீசும் மாதங்களில் மேடே நடப்பதுபோல் இருக்கும். பழைய அந்தோனியார் கோவிலின் இடிபாடு மணலுக்குள் பாதி புதைந்து நிற்கிறது. கொஞ்சம் வடக்கே போனால் வல்லிபுர ஆழ்வாரும் மணலுக்கு நடுவில்தான். மேட்டை இராவணன் மீசையும் அடம்பன் கொடியும் பிடித்து வைத்திருக்கும். மேடுகளுக்கு இடையிலும் பின்னாலும் தாழ்ந்த வெளிகள். கோடையில் மாடு மேயும் புல்தரை. மாரி பிறந்தால் முழங்கால் தண்ணீர். அதுதான் தரவை. யாரும் அங்கே வீடு கட்டுவதில்லை. யாரும் தடுத்ததாகவும் ஞாபகமில்லை. ‘தரவை’ என்றாலே போதும், அதற்குமேல் கதை கிடையாது.

மேட்டு மணலில் ஊற்றிய வாளித் தண்ணீர் கண்முன்னே மறைந்துவிடும். பத்து யார் தள்ளித் தரவையில் மழைத்தண்ணீர் தை மாதம் வரை நிற்கும். சின்ன வயதில் இது எனக்குப் பெரிய புதிர். அம்மம்மாவைக் கேட்டால், “மேடு குடிக்கிறதைப் பள்ளம் வைச்சிருக்கும் ராசா, வேறென்ன” என்பா. மேட்டின் அடியில் கையால் இரண்டடி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். பூவல் என்போம். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் அந்தத் தண்ணீரில் உப்பில்லை. மணலில் இறங்கிய மழை, பாரமான உப்புத் தண்ணீருக்கு மேலே வில்லைபோல் மிதந்துகொண்டிருக்கிறது என்பது பேராதனையில் கேட்ட விளக்கம். அம்மம்மாவின் விளக்கத்தை அது ஒன்றும் மாற்றவில்லை.

ஆனால் ஒன்றை அவ சொல்லவில்லை, பேராதனைதான் சொன்னது. பள்ளம் எப்படி வந்தது? காற்று மணலைத் தோண்டிக்கொண்டே போகும். நிலத்தடி ஈரம் எட்டிய இடத்தில் அதன் கை நின்றுவிடும், நனைந்த மணலைத் தூக்க அதற்குப் பலமில்லை. ஆகப் பள்ளத்தின் தரையை வெட்டியது காற்று, எவ்வளவு ஆழம் என்று தீர்மானித்தது தண்ணீர். அப்புறம் மழை கழுவிவந்த நுண்மண்ணும் அழுகிய புல்லும் அடியில் படிந்து பாய் விரித்ததுபோல் அடைத்துவிடும். அதன்மேல் தண்ணீர் நின்றால் மண்ணுக்குள் காற்று தீர்ந்துபோகும். அங்கே வாழும் நுண்ணுயிர்கள் மூச்சுக்குக் காற்றில்லாமல் துருவிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொள்கின்றன. சிவப்பாய் இருந்த இரும்பு கரைந்து நிறமிழந்து நகர்ந்துவிடும், மண் சாம்பலாகும். நெல்வேர் தன் உடம்புக்குள்ளால் காற்றை இறக்கும் இடத்தில் மட்டும் இரும்பு திரும்பத் துருவாகும். நாங்கள் பார்த்த செம்மஞ்சள் கோடுகள் அவைதான்.

மலைச்சரிவோ மணல்மேடோ, கணக்கு ஒன்றுதான். மேலே வடியும், கீழே தேங்கும், நடுவில் நிறம் மாறிக்கொண்டே வரும். கிழக்காபிரிக்காவில் வேலை செய்த ஜெப்ரி மில்ன் 1935 இல் இந்த வரிசைக்குச் சங்கிலி என்று பொருள்படும் இலத்தீன் பெயர் வைத்தார், கட்டீனா. இலங்கையில் மண்ணியலாளர் பானபொக்க உலர்வலயத்து மேட்டின் செங்கபில மண்ணிலிருந்து பள்ளத்தின் சாம்பல் மண்வரை அதே சங்கிலியைக் காட்டினார். அவரும் மூர்மானும் 1961 இல் எழுதிய இலங்கை மண் வகைப்பாடு எங்கள் காலத்திலும் வேதம். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் புல் மூடிய மணல்மேடுகள் ஐம்பதினாயிரம் சதுர கிலோமீற்றர் அளவுக்குக் கிடக்கின்றன, மேடுகளுக்கு இடையே சதுப்புப் புல்வெளிகள் என்று சேர் படம் போட்டுக் காட்டியபோது, “இது எங்கட தரவை” என்று என்னையறியாமல் சத்தமாகவே சொல்லிவிட்டேன். வகுப்பு சிரித்தது. பட்டம் பெறும்வரை எனக்குப் பட்டப்பெயர் தரவை.

அந்தச் சாம்பல் மண்ணுக்கு உலகம் முழுக்க வழங்கும் பெயர் கிளே. ஆங்கிலச் சொல் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. ருசிய மண்ணியலாளர் வைசோட்ஸ்கி 1905 இல் அங்கத்தைய குடியானவர்களின் வாயிலிருந்து எடுத்துக்கொண்டது. அதாவது அதுவும் யாரோ ஒரு அம்மம்மாவின் சொல்தான். தரவை என்ற சொல் அந்த வழியில் வகைப்பாட்டுக்குள் போகாதது எனக்கு இன்னும் ஒரு குறைதான்.

சில வருடங்களுக்கு முன் தூத்துக்குடிப் பக்கம் போனபோது இந்தக் குறை கொஞ்சம் ஆறியது. சாத்தான்குளத்துக்கும் திருச்செந்தூருக்கும் நடுவில் தேரி, குங்குமத்தைக் கொட்டினாற்போல் சிவந்த மணல்மேடுகள். பனையும் முந்திரியும் காலூன்றி நிற்கின்றன. மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார், பெயரிலேயே சுனையோடு, அந்த வறண்ட சிவப்புக்கு நடுவில் இருக்கிறார். மேடுகளுக்கிடையே அகன்ற பள்ளங்கள். மழைக்காலத்தில் ஏரி, கோடையில் மேய்ச்சல் தரை. கூட வந்த பெரியவரிடம் இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். “தருவைங்க” என்றார். வைரவன் தருவை, புத்தன் தருவை. ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். கடலின் இந்தப் பக்கத்துத் தரவையும் அந்தப் பக்கத்துத் தருவையும் ஒரே வயிற்றுப் பிள்ளைகளா என்று மொழி படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும். நிலத்தைக் கேட்டால் ஆம் என்றுதான் சொல்லும்.

பேராதனைக்கு வந்த வேலைக்கு வருகிறேன். என் பட்ச் நண்பன் ஒருவன், கண்டிக்காரன், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கன்னொறுவைப் பகுதியில் காணி வாங்கி வீடு கட்டியிருக்கிறான். வீடு குடிபுகுந்து இரண்டு வருடம். சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பாசி. மலசலகூடக் குழி மழை பெய்தால் நிரம்பித் திரும்புகிறது. “மச்சான், இது மூன்றாவது குழி. நீ வந்து பார்” என்று அழைத்திருந்தான். அவனும் மண் படித்தவன்தான். ஆனால் காணி வாங்கும்போது நிரப்பிய செம்மண் மூன்றடிக்கு மேலே கிடந்தது, விலை மலிவாய் இருந்தது, மனைவிக்குப் பிடித்திருந்தது. மூன்றும் சேர்ந்தால் எந்தப் பட்டமும் நிற்காது.

குழிக்குள் எட்டிப் பார்த்தேன். மேலே சிவப்பு, எங்கோ மலை வெட்டிக் கொண்டுவந்து கொட்டியது. அதற்குக் கீழே கோடு கிழித்தாற்போல் கறுப்பு, அமுங்கிப்போன வைக்கோல் இன்னும் தெரிந்தது. அதற்குக் கீழே நீலச் சாம்பல். குழியின் பக்கச் சுவரிலிருந்து தண்ணீர் வியர்வைபோல் அரும்பி அரும்பி இறங்கியது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

வேலிக்கு அப்பால் நின்ற பக்கத்து வீட்டு ஆச்சி சிங்களத்தில் ஏதோ சொன்னா. நண்பன் மொழிபெயர்த்தான்: “இது தெனிய அல்லவா, என் மாமியார் இங்கேதான் நாற்று நட்டா.” வாங்கும்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, ஒருவரும் கேட்கவில்லையே என்றா.

வயலை நிரப்புவதற்குச் சட்டம் இல்லாமலில்லை. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, கமநல ஆணையாளர் நாயகத்தின் அனுமதியில்லாமல் நெற்காணியை நிரப்ப முடியாது. நண்பனின் உறுதியில் அது மேட்டுக்காணி என்றே எழுதியிருக்கிறது. யார் எப்போது மாற்றினார்கள் என்று தேட அவனுக்குத் தெம்பில்லை.

அந்த நிலத்துக்கு ஒரு குறையும் இல்லை என்பதுதான் வேதனை. நெல்லுக்கு அது தாய்வீடு. தண்ணீர் தேங்கினால்தான் நெல். தேக்கம் மிஞ்சினால் கரைந்த இரும்பு வேரில் ஏறி இலையை வெண்கலநிறமாக்கும். அது இரும்பு நஞ்சு என்று 1955 இல் எழுதியவர்களில் முதல் பெயர் இலங்கையர் பொன்னம்பெரும. நீர் மூடிய மண்ணின் இரசாயனத்தை உலகத்துக்குக் கற்பித்தவர் அவர். அதைத் தாங்கும் நெல்லினங்களை ஈரவலயத்துப் பொம்புவெலவில் உருவாக்கினார்கள். பள்ளத்துக்கு ஏற்றபடி நெல்லை மாற்றிய நாடு, வீட்டுக்காகப் பள்ளத்தையே மாற்றப் பார்க்கிறது. எங்கள் ஊரிலும் இந்தக் கூத்து வந்துவிட்டது, வேறு வழியில். அங்கே நிரப்புவதில்லை, மேட்டை லொறியில் ஏற்றுகிறார்கள். மணல்மேடு போனால் பூவலும் போகும். தரவை மட்டும் தனியாய் நின்று என்ன செய்ய.

நண்பனுக்கு நான் சொன்ன வைத்தியம் பெரிதாக ஒன்றுமில்லை. குழியை ஆழமாக்காதே, ஆழமாக்கினால் தண்ணீரைத்தான் வீட்டுக்கு அழைக்கிறாய். தரைக்கு மேலே மணல் மேடொன்று கட்டி, கழிவு நீரை அதனூடாக வடியவிடு. நெடுநேரம் யோசித்துவிட்டு, “அப்போ உன் ஊரை என் வளவுக்குள் கட்டச் சொல்கிறாய்” என்றான்.

அன்று பின்னேரம் குழியிலிருந்து ஒரு நீலக்கட்டியை எடுத்து மதிலில் வைத்துவிட்டு உள்ளே போனோம். அவன் மனைவி பலாக்காய்க் கறி வைத்திருந்தா. ஹந்தானைப் பக்கம் இடி முழங்கி இரவெல்லாம் மழை.

விடிய மதிலைப் பார்த்தேன். கூரை நிழலில் நனையாமல் இருந்த கட்டியின் மேல்புறம் கபிலமாகிவிட்டது, சும்மா கிடந்த ஊர்மண்போல. உடைத்தேன். உள்ளே இன்னும் நீலம், இன்னும் அந்த மணம். நண்பனின் மகள், ஐந்து வயது, பக்கத்தில் வந்து மூக்கைச் சுளித்து அது என்ன என்று கேட்டாள். தெனிய என்றேன். வாங்கி மணந்து பார்த்து, “தெனிய” என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் கொண்டுபோனாள்.