ஏரிக்குள் சேர்ந்த மண்

கேமரன் மலையின் ரிங்லெட் ஏரி இயற்கையாக அமைந்ததன்று. 1963-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையின் நீர்த்தேக்கம் அது. மேலே காடுகள் அழிந்து, காய்கறித் தோட்டங்களும் கட்டடங்களும் பெருகின. மழையில் கரைந்த மண் ஏரியை மேடாக்கியது. மண் நிறைந்தபின் நீருக்கு இடமேது?

2013 அக்டோபர் 23, விடியுமுன், கனமழையால் அணைநீர் திறந்துவிடப்பட்டது. பெர்த்தாம் ஆற்றோர வீடுகளில் உறங்கியோரைச் சேற்றுவெள்ளம் சூழ்ந்தது, உயிர்களும் பலியாயின.

சரிவில் தேயிலை வேர் மண்ணைப் பற்றி நிற்பதை நம் தோட்டப் பிள்ளைகள் அன்றாடம் காண்கின்றனர். அவ்வேருக்கும் அணைக்கும் உள்ள தொடர்பை, ஆசிரியர்களே, வகுப்பில் விளக்குவோம். பெற்றோர்களே, ஆற்றோரம் குடியிருந்தால், அபாயச் சங்கு ஒலித்ததும் எந்த மேட்டுக்கு ஓடவேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு இன்றே காட்டிவையுங்கள்.