மிரரை மாற்றும் முன்

லினக்ஸில் அப்டேட் இழுத்துக்கொண்டே போனால் 'மிரரை மாத்துங்க' என்பதுதான் எல்லோரும் கையில் வைத்திருக்கும் முதல் யோசனை. சொல்கிறவர் டெர்மினலில் கடைசியாக நிற்கும் வரியைப் பார்த்திருக்கக்கூட மாட்டார். கல்லூரி கம்ப்யூட்டர் லேபிலேயே பாதி ஆயுளைக் கழித்தவன் என்பதால் எனக்கு இதில் ஒரு பிடிவாதம் உண்டு. அந்தக் கடைசி வரியை நிதானமாகப் படித்து முடிக்கும்வரை எதிலும் கை வைக்கக்கூடாது.

இத்தனைக்கும் மிரர் என்பது யாரோ நமக்குச் செய்யும் உபகாரம். டெபியனோ உபுண்டுவோ, பேக்கேஜ்கள் முதலில் சேர்வது அவர்களுடைய தலைமை சர்வரில். பல்கலைக்கழகங்களும் இன்டர்நெட் நிறுவனங்களும் அதை அப்படியே நகலெடுத்து, தங்கள் டிஸ்கில் இடம் கொடுத்து, தங்கள் பேண்ட்வித்தைச் செலவழித்து நமக்குத் தருகின்றன. நம் நாட்டில் சென்னை ஐ.ஐ.டி.யும் கான்பூர் ஐ.ஐ.டி.யும் இப்படி மிரர் நடத்தியவை. நெட் மந்தமாக இருந்த நாட்களில் உபுண்டு சி.டி. தபாலில் இலவசமாகவே வரும். 2011 வரை அந்த வழக்கம் இருந்தது. சி.டி. வந்துவிட்டாலும், அதற்குப் பிறகு வெளியான திருத்தங்களுக்கு மிரரைத்தான் நம்பியிருந்தோம்.

அந்தக் காலத்தில் எங்கள் லேபில் ஒரு இறுதியாண்டு மாணவன் இருந்தான். கெட்டிக்காரன், கை துறுதுறுவென்று இருக்கும். அவன் லேப்டாப்பில் அப்டேட் கொடுத்தால் 'ஹாஷ் சம் மிஸ்மேட்ச்' என்று வந்து நின்றது.

“இந்திய மிரரே சரியில்ல சார். நான் ஜெர்மனிக்கு மாத்திட்டேன்.”

“மாத்தினதும் வந்துச்சா தம்பி?”

“வந்துச்சு சார். ஆனா அடுத்த வாரமே அதுலயும் இதே எரர். இப்ப ஜப்பான் போட்டிருக்கேன்.”

ஒரு மிரர் கெட்டுப்போகலாம். போட்ட மிரரெல்லாம் ஒரே வாரத்தில் கெட்டுப்போகுமா? லேப்டாப்பைக் கல்லூரி நெட்டிலிருந்து பிரித்து, என் டேட்டா கார்டைச் செருகி, பழைய இந்திய மிரரையே மறுபடி எழுதி அப்டேட் கொடுக்கச் சொன்னேன். ஒரு எரர் இல்லாமல் ஓடியது. கோளாறு எங்கள் கட்டடத்துக்குள்ளேயே, ப்ராக்ஸி சர்வரில் இருந்தது.

மிரரில் 'ரிலீஸ்' என்று ஒரு சின்ன ஃபைல் இருக்கும். பேக்கேஜ் பட்டியல்கள் ஒவ்வொன்றும் எத்தனை பைட், அதன் ஹாஷ் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். டெபியனோ உபுண்டுவோ தங்கள் சாவியால் அதில் கையெழுத்திட்டிருப்பார்கள். எங்கள் ப்ராக்ஸி, ரிலீஸ் ஃபைலைப் புதிதாக வாங்கிக் கொடுத்துவிட்டு, பட்டியலை மட்டும் முன்பு சேமித்து வைத்ததிலிருந்து எடுத்துக் கொடுத்தது. லேப்டாப்பில் அப்டேட்டைக் கவனிக்கும் ஆப்ட் கணக்குப் போட்டுப் பார்த்தது, பொருந்தவில்லை, வாங்க மறுத்துவிட்டது. மறுத்ததுதான் சரி. புது மிரர் போட்டால் அந்த முகவரிக்கு ப்ராக்ஸியிடம் பழசு எதுவும் இருக்காது. அதனால் முதல் தடவை ஒழுங்காக வரும். அந்த முதல் தடவைதான் பையனை நம்பவைத்தது.

ஏதாவது கோளாறு என்றால் மனசு தூரத்தில் இருப்பவரைத்தான் முதலில் சந்தேகிக்கிறது. முகம் தெரியாதவரைக் குறை சொல்வது சுலபம். பக்கத்து அறைக்குப் போய்க் கேட்பதற்குத்தான் தயக்கம். குடும்ப விஷயங்களிலும் இதையே பார்த்து வந்திருக்கிறேன்.

நெட்வொர்க் பிரிவில் இருந்தவரிடம் போய்ச் சொன்னோம். வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். பேக்கேஜ் ஃபைலின் பெயரிலேயே வெர்ஷன் எண் இருக்கிறது, உள்ளடக்கம் மாறாது, அதைச் சேமித்து வைக்கலாம். பட்டியலுக்கோ பெயர் அப்படியே இருக்கும், உள்ளே இருப்பது மாறும். அதை ஒவ்வொரு முறையும் மிரரிடம் கேட்டுத்தான் கொடுக்கவேண்டும். இப்படி விதியை இரண்டாகப் பிரித்து எழுதினார். பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு வரிக்கும் காரணம் சொல்லிக்கொண்டே செய்தார். அவர் வேலையில் அது சேர்த்தியே இல்லை. 2016-இல் வந்த உபுண்டு 16.04 முதல், பட்டியலை அதன் ஹாஷையே பெயராகச் சொல்லிக் கேட்கும் முறை வந்ததால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது.

மிரர் பக்கமே தவறு இருக்கும் நேரமும் உண்டு. டெபியனின் தலைமை சர்வர் நாளைக்கு நான்கு முறை புதுப்பிக்கப்படுகிறது. மிரர் வைத்திருப்பவர் பேக்கேஜ்களை முதலில் இழுத்துவிட்டு, பட்டியலைக் கடைசியில் இழுக்கவேண்டும். வரிசை மாறினால் பட்டியலில் பெயர் இருக்கும், பேக்கேஜ் வந்து சேர்ந்திருக்காது, நமக்கு 404 வரும். ஒரு மணி நேரம் பொறுத்து மறுபடி அப்டேட் கொடுத்தால் பெரும்பாலும் தானே சரியாகியிருக்கும். பொறுமை என்று பெரியவர்கள் சொன்னால் சின்னவர்களுக்கு அலுப்பாக இருக்கிறது. இங்கே அதைத் தவிர வேறு வழியும் இல்லை.

அதே 404 பழைய வெர்ஷனில் வந்தால் காத்திருந்து பயனில்லை. ஆதரவுக் காலம் முடிந்த உபுண்டு வெர்ஷன்களை 'ஓல்டு ரிலீசஸ்' சர்வருக்கு நகர்த்திவிடுவார்கள். 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு ஆயுள் முடிந்த சென்ட்ஓஎஸ் 7-இன் பேக்கேஜ்கள் இப்போது 'வால்ட்' சர்வரில் இருக்கின்றன. அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம், புதிய திருத்தம் எதுவும் வராது.

'கனெக்டிங்' என்ற வரியிலேயே நின்றுவிட்டால் அதற்கு அடுத்துள்ள முகவரியைப் பாருங்கள். முக்காற்புள்ளிகள் நிறைந்த நீள முகவரி என்றால் ஐ.பி.வி6 பாதையில் அடைப்பு இருக்கக்கூடும், 'ஃபோர்ஸ் ஐ.பி.வி4' கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்த பழைய மெஷின்களில் தேதி பல வருஷம் பின்னால் போய் நிற்கும்.

வேகத்தை அளப்பதிலும் அவசரம் ஆகாது. ஃபெடோராவில் 'ஃபாஸ்டஸ்ட் மிரர்' என்று ஒரு வசதி உண்டு. எந்த சர்வர் சீக்கிரம் பதில் சொல்கிறது என்று மட்டும்தான் அது பார்க்கும். கூப்பிட்டவுடன் 'இதோ வர்றேன்' என்று குரல் கொடுப்பவர் வேலையையும் சீக்கிரம் முடிப்பார் என்று இல்லையே. அம்பது எம்.பி.க்குக் குறையாத ஒரு பேக்கேஜை டபிள்யூகெட்டில் இறக்கி, காலையில் ஒரு தரம், ராத்திரி ஒரு தரம் பார்த்தால் நிஜமான வேகம் தெரியும்.

மெதுவான மிரரைவிட எனக்குப் பயம், வேகமாக இருந்தும் பின்தங்கிப்போன மிரர்தான். தலைமை சர்வரிலிருந்து பல நாட்களாகப் புதிதாக எதையும் எடுக்காமல் இருக்கும். நாம் கேட்டால் 'எல்லாம் லேட்டஸ்ட்' என்று வரும். பாதுகாப்பு ஓட்டை அடைபடாமலே கிடக்கும். உபுண்டுவின் மிரர் பட்டியலில் எது ஒரு நாள் பின்தங்கியது, எது ஒரு வாரம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். தேர்ந்தெடுக்கும் முன் அதைப் பார்ப்பது நல்லது. மிரரை மாற்றினாலும் உபுண்டுவின் 'செக்யூரிட்டி' சர்வருக்கான வரியைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. லேபில் இருக்கும் மெஷின் அத்தனையும் ஒரே பேக்கேஜைத் தனித்தனியாக இழுப்பது மிரர்காரருக்கு நாம் செய்யும் அநியாயம். ஏதாவது ஒரு மெஷினில் 'ஆப்ட் கேச்சர் என்ஜி' போட்டு, மற்றவற்றை அதன் 3142 போர்ட்டுக்குத் திருப்பிவிட்டால் ஒரு பேக்கேஜ் வெளியிலிருந்து ஒரே தரம் வரும். நமக்கும் வேகம், அவருக்கும் பாரம் குறைவு.

இவ்வளவும் பார்த்த பிறகும் மிரரில்தான் கோளாறு என்று தெரிந்தால், நடத்துகிறவருக்கு ஒரு மெயில் போடுங்கள். எந்த ஃபைல், எத்தனை மணிக்கு, எந்த நெட்டிலிருந்து, வந்த எரர் வரி எழுத்து மாறாமல். முதல் வரியில் ஒரு நன்றியும் எழுதுங்கள். அவருக்கு வரும் மெயில்களில் அது அதிகம் இருக்காது.